கொல்லைப்புறத்து மாப்பிள்ளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊர் பெயரை மட்டும் கேட்காதீர்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு, சரிவில் ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேயிலை. இதற்கு மேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. சொந்த மச்சான் கேட்டான், சொல்லவில்லை. ஒரே நாளில் லீவு கொடுத்த மேனேஜர் கேட்டார், அவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குருவியைப் பற்றிக் கேளுங்கள், ராத்திரி முழுக்கப் பேசுவேன். நீங்கள் தூங்கிவிட்டாலும் பேசுவேன். என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

காஷ்மீர் ஈப்பிடிப்பான்! பெயரை எழுதும்போதே விரல் குறுகுறுக்கிறது. சிட்டுக்குருவியைவிடச் சின்ன உருவம். கோடையில் பீர் பஞ்சால் மலைப்பக்கத்துக் காடுகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தட்டியதும் கிளம்பி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் மலையகத்துக்கும் வந்துவிடும். ஸ்ரீநகரிலிருந்து நீலகிரிக்கு நேராகக் கோடு போட்டாலே 2,500 கிலோமீட்டர். அந்த உடம்புக்கு! கூடு கட்டும் காடே கொஞ்சம்தான், அதுவும் குறைந்துகொண்டே வருகிறது, அதனால் உலகத்திலேயே இவை அதிகம் இல்லை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பதினோரு வருஷமாக நான் இதைப் பார்க்கவில்லை என்றால் நம்புவீர்களா? ஊட்டியில் நாலு தடவை தேடி, நாலு தடவையும் ஜலதோஷத்தோடு திரும்பியவன் நான். ஒரு தடவை தொண்டை சிவந்த ஒன்றைப் பார்த்துவிட்டு நடுரோட்டில் குதித்தேன். அது இதன் சொந்தக்காரக் குருவி. அதற்குத் தொண்டையோடு சிவப்பு முடிந்துவிடும், கறுப்புக் கரையும் கிடையாது. கூட வந்த பையன்தான் சொன்னான், பத்தாம் வகுப்பு படிக்கிறவன். அந்த அவமானம் இன்னும் தீரவில்லை.

போன ஜனவரியில் ஒரு ராத்திரி ஒன்பதரைக்கு கோத்தகிரியிலிருந்து வாத்தியார் போன் செய்தார். பள்ளிக்கூட வாத்தியார், பறவை விஷயத்தில் எனக்கும் வாத்தியார். எடுத்ததும் குசுகுசுவென்று பேசினார். "ஆண். முழுச் சிவப்பு. கறுப்புக் கரை தெளிவா இருக்கு. ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்துல." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் ரசம் சாதம் அப்படியே கிடக்க, எச்சில் கையோடு எழுந்து பைனாகுலரைத் தேட ஆரம்பித்தேன். மணி ஒன்பதரை, இருட்டு, குருவி இருப்பது மலை மேலே, எனக்குப் பைனாகுலர் எதற்கு? அதெல்லாம் கேட்கக் கூடாது.

விடியற்காலை மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் பஸ். ஜன்னல் கண்ணாடி மூடவில்லை. குளிர் காதுக்குள் புகுந்து மூளையைத் தொட்டது. பக்கத்து சீட்டில் கறிவேப்பிலை மூட்டையோடு ஒரு பெரியவர். அவர் தூங்கப் பார்த்தார், நான் விடவில்லை. ஈப்பிடிப்பான் என்றால் என்ன, ஏன் வருகிறது, எப்படி வாலை உயர்த்தும் என்று எல்லாம் சொன்னேன். மூன்றாவது வளைவில் அவர் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார். மூட்டையை மட்டும் என்னோடு விட்டுவிட்டார். கறிவேப்பிலை வாசத்தோடுதான் மலை ஏறினேன்.

இப்போது இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒற்றையடியாக ஒரு சிமெண்டுப் பாதை. இடப்பக்கம் சரிவு முழுக்கத் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் இலைகளிலிருந்து பனி சொட்டு சொட்டாக விழுகிறது. வலப்பக்கம் மூங்கில் படல், படலுக்குள் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கு, பாத்திரம் தேய்க்கிற கல், அந்தத் தண்ணீர் ஓடுகிற சின்ன வாய்க்கால், வாய்க்காலை ஒட்டிப் பூண்டுப் பாத்தி. ஈரமும் பூச்சியும் மறைவும் ஒரே இடத்தில்! குருவிக்கு இதைவிட என்ன வேண்டும்? பாதையில் நின்று பார்த்தால் விறகு அடுக்கின் ஒரு மூலை மட்டும் தெரியும். அந்த மூலையில் ஒரு வால். சத்தியமாக, ஒரு வால் மட்டும்! கறுப்பு வால், அடியில் இரண்டு பக்கமும் வெள்ளை. விசுக்கென்று மேலே போனது, மெதுவாக இறங்கியது, காணோம்.

எனக்கு முழங்கால் ஆடிவிட்டது. படல் இடுப்பளவுதான் உயரம். தாண்டினால் ஆறே அடி.

இங்கே ஒரு பாவமன்னிப்பு. சில வருஷத்துக்கு முன்னால் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஆறுமணிக்குருவி கூவுகிறது என்று கேட்டு, கம்பிவேலியைத் தூக்கி உள்ளே நுழைந்தவன் நான். யாரையும் கேட்கவில்லை. குருவிதானே, யாருடைய சொத்தையா தூக்கிக்கொண்டு போகப் போகிறோம் என்ற நினைப்பு. இரண்டு நாய்கள் வந்தன. பின்னாலேயே தோட்டக்காரர் அரிவாளோடு வந்தார். தேங்காய்த் திருடன் என்று நினைத்துவிட்டார். பேன்ட் கிழிந்தது, குருவி பறந்தது. அதுகூடப் பரவாயில்லை, அடுத்த மாதம் அந்தப் பக்கம் போன கல்லூரிப் பிள்ளைகளை அவர் ரோட்டிலேயே நிற்க விடவில்லையாம். யாரோ ஒருவன் வேலி தாண்டினால் அடுத்து வருகிற நூறு பேருக்குக் கதவு சாத்தப்படுகிறது. அந்த யாரோ ஒருவன் நான்தான். அதனால் இந்தத் தடவை கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். வாத்தியார் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், என்னை அவருக்குத் தெரியும்.

ஆனால் எங்களுக்கு முன்னாலேயே இரண்டு பேர் உள்ளே போயிருந்தார்கள். பச்சைப் புள்ளிச் சட்டை, பீரங்கி மாதிரி லென்ஸ், ட்ரைபாட். ட்ரைபாடின் ஒரு கால் பூண்டுப் பாத்திக்குள். ஒருவர் போனில் குருவியின் குரலைப் போட்டு விறகை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார். நான் அவர்களைத் திட்டப் போவதில்லை. நானும் ஒரு காலத்தில் போனை நீட்டியவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தக் குருவி குளிர்காலத்திலும் தனக்கென்று ஒரு எல்லை வைத்துக் காவல் காக்கிற ஜாதி. அந்தக் குரல் கேட்டால் யாரோ தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டான் என்று பூச்சி பிடிப்பதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். அதுவும் அந்தக் குளிரில், காலைப் பசியில். 2,500 கிலோமீட்டர் பறந்து வந்தவனைச் சோற்றுத் தட்டிலிருந்து எழுப்பி, வாசலில் திருடன் என்று பொய் சொல்லித் துரத்துகிற மாதிரி! குருவி இரண்டு தடவை படபடவென்று எகிறியது, பிறகு தேயிலைக்குள் போனது போனதுதான்.

அப்போதுதான் பாட்டி வந்தார். முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் சாக்கு, கையில் கொழுந்து மட்டம் பார்க்கிற குச்சி. பாத்தியைப் பார்த்தார், ட்ரைபாடைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை. "என்னா தம்பி, பூண்டு மேல நிக்கிறீங்க. படலையும் தொறந்து போட்டிருக்கீங்க. காட்டெருமை வந்தா உங்க கேமராவா தொரத்தும்?" அவ்வளவுதான். பீரங்கிகள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன.

வாத்தியார் படலுக்கு வெளியிலேயே நின்று, "பாட்டி, உள்ள வரலாமா?" என்று கேட்டார். இந்த ஒரே ஒரு கேள்வி! பதினோரு வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லையே! பாட்டி எங்களை மேலும் கீழும் பார்த்தார். நான் பல்லைக் காட்டினேன். பிறகு சும்மா நிற்க முடியாமல், உள்ளே விட்டால் முதலில் அந்தப் பூண்டுப் பாத்தியைச் சரி செய்துவிடுகிறேன் என்று உளறினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே சாமர்த்தியமான காரியம் அதுதான். கால் மணி நேரம் மண்ணை அணைத்து, சாய்ந்த பூண்டை நிமிர்த்தி வைத்தேன். விரலெல்லாம் விறைத்துப்போயிற்று. பாட்டி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் இரண்டு டம்ளரில் வெறும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கூடவே சட்டத்தையும் வைத்தார்.

"ஒரு நேரத்துல ரெண்டு பேருதான். படலைத் தொறந்தா உடனே சாத்தணும். இந்தக் கல்லுல உக்காருங்க, எந்திரிச்சு நடக்கக் கூடாது. அந்தப் பக்கம் குளிக்கிற எடம், வீட்டுல பொம்பளப் புள்ளைங்க இருக்கு, கேமரா அங்கிட்டுத் திரும்பக் கூடாது. கோழி வந்தா வெரட்டாதீங்க. மாப்பிள்ளை தானா வருவாரு."

மாப்பிள்ளையா?

"ஆமா. தீபாவளிக்கு வாறவரு பங்குனி பொறந்தாத்தான் போவாரு. வேற யாரு அப்படி ஒக்காந்து திங்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்து தேத்தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. அடக்க முடியாமல் இருமினேன். வாத்தியார் என்னை முறைத்தார். எத்தனையோ புத்தகத்தில் படித்திருக்கிறேன், அக்டோபரில் வந்து மார்ச்சில் திரும்பும் வலசைப் பறவை என்று. அதையே பாட்டி ஒரு வாய்ச் சொல்லில் முடித்துவிட்டார். எத்தனை வருஷமாக வருகிறார் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். "பேத்தி வயசுக்கு வந்த வருசத்துல இருந்து." பேத்தி இப்போது குன்னூரில் காலேஜ் படிக்கிறாள். வருவது ஒரே குருவியா, அதன் வாரிசா, எனக்குத் தெரியாது, பாட்டிக்குக் கவலையும் இல்லை. மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளை.

உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி. செம்மீசைச் சின்னான்கள் வேலியில் வந்து கத்திவிட்டுப் போயின. ஒரு புதர்ச்சிட்டு கம்பத்தில் உட்கார்ந்து எங்களை எடை போட்டது. கோழி வந்து என் ஷூ கயிற்றைக் கொத்தியது, நான் வெரட்டவில்லை. பாட்டி தன் பாட்டுக்குத் தேயிலைக்குள் கொழுந்து பறித்தார், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, டக் டக் என்று. நடுவில் பச்சைத் தேயிலை விலையைப் பற்றி ஒரு பெருமூச்சு. குறை என்று ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், அந்தக் கல் ரொம்பக் குளிர்ச்சி. பின்பக்கம் மரத்துப்போயிற்று. அவ்வளவுதான், வேறு குறை கிடையாது, இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

பாட்டி கூடை நிறைந்ததும் வந்து, கையிலிருந்த குச்சியை விறகு அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

இப்போது கவனியுங்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் பிடித்த மாதிரி. முதலில் சத்தம் வந்தது, "சக்" என்று ஒன்று, கூழாங்கல்லில் கூழாங்கல்லைத் தட்டினாற்போல, பிறகு நாக்கை உருட்டின மாதிரி ஒரு கரகரப்பு, எங்கிருந்து என்று திரும்பக்கூட நேரமில்லை, அந்தக் குச்சியின் உச்சியில் அவர் உட்கார்ந்திருந்தார், எனக்கும் அவருக்கும் நடுவில் மூன்று மீட்டர் இருக்குமா, இருக்காது, பைனாகுலரில் பார்த்தால் கிட்டத்தில் ஃபோகஸே ஆகவில்லை, எடுத்துப் போட்டுவிட்டேன், வெறும் கண்ணுக்கே எல்லாம் தெரிந்தது, முதுகு சாம்பல், அதில் ஒரு பனித்துளி, தொண்டையிலிருந்து மார்பு முழுக்க ஒரு சிவப்பு, அது என்ன சிவப்பு என்று எப்படிச் சொல்வேன், அடுப்பில் விறகு எரிந்து முடிந்து சாம்பலுக்கு நடுவில் ஒரு கங்கு கிடக்குமே, ஊதினால் கனன்று எழுமே, அந்தச் சிவப்பு, அந்தக் கங்கைச் சுற்றிக் கரி தீட்டின மாதிரி ஒரு கறுப்புக் கரை, பட்டுப்புடவைக்குக் கரை போட்ட மாதிரி, சிறகைக் கீழே தொங்க விட்டுக்கொண்டு வாலை விசுக்கென்று தூக்குகிறார், வெள்ளை பளிச்சென்று மின்னுகிறது, மெதுவாக இறக்குகிறார், மறுபடி தூக்குகிறார், தலையைச் சாய்த்து அந்த உருண்டைக் கறுப்புக் கண்ணால் என்னைப் பார்க்கிறார், என்னை, கோயம்புத்தூரில் கணக்கு எழுதிப் பிழைக்கிற என்னை, பீர் பஞ்சாலைப் பார்த்த கண், அடுத்த விநாடி தொப்பென்று வாய்க்கால் ஓரத்தில் விழுந்து எதையோ கொத்திக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பி, அலகில் ஒரு சின்னப் பூச்சி, சிறகு இன்னும் துடிக்கிறது, ஒரு முழுங்கு, அலகைக் குச்சியில் இப்படியும் அப்படியும் தீட்டிக்கொள்கிறார், சாப்பிட்டு முடித்து மீசை துடைக்கிற மாதிரி, மாப்பிள்ளையேதான், சந்தேகமே இல்லை, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்பத்திரண்டு வயசு, இரண்டு பிள்ளைக்கு அப்பன், பத்து கிராம் தேறுமோ தேறாதோ, அப்படி ஒரு குருவி பூச்சி தின்றதற்கு அழுகிறேன், மூக்கை உறிஞ்சினால் பறந்துவிடுமோ என்று உறிஞ்சாமல் அப்படியே ஒழுக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேமரா? மடியில்தான் இருந்தது. லென்ஸ் மூடியோடு.

நாற்பது நிமிஷம் இருந்தார் சார், நாற்பது நிமிஷம்! போன் போட்டுக் கூப்பிட்டிருந்தால் நாலு விநாடி. கல்லில் பேசாமல் உட்கார்ந்ததற்கு நாற்பது நிமிஷம். நாங்களும் அந்தக் கோழி, விறகு, வாய்க்கால் மாதிரி ஆகிவிட்டோம், எங்களை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மூடியைக் கழற்றி ஏழெட்டுப் படம் எடுத்தேன். ஃப்ளாஷ் போடவில்லை, வெளிச்சமும் போதவில்லை, அதனால் பாதி மங்கல். மங்கலாக இருப்பதுதான் அழகு என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டி வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்தார். நான் சும்மா இருப்பேனா, காஷ்மீரில் ஆரம்பித்து வரைபடமே போட்டேன். இது இங்கே மட்டுமில்லை பாட்டி, குளிர்காலத்தில் இலங்கைக்கும் போகும், நுவரெலியாவில் வெளிநாட்டுக்காரர்களெல்லாம் வந்து இதைத் தேடிப் பார்ப்பார்கள் என்றேன்.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"நுவரெலியாவுக்கா? எந்தத் தோட்டத்துக்கு?"

என்னிடம் பதில் இல்லை. ஊருக்கு நடுவில் விக்டோரியா பூங்கா என்று ஒன்று இருக்கிறதாம், அங்கே வருமாம் என்றேன். பாட்டிக்கு அந்தப் பூங்கா தெரிந்திருந்தது. நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம். 1973ல், பன்னிரண்டு வயசில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரி வந்தவர். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. முப்பது வருஷம் பறித்துச் சேர்த்த காசில் வாங்கியதுதான் இந்தக் கால் ஏக்கர். இதையெல்லாம் குருவியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார், எங்களைப் பார்த்து இல்லை. கடைசியில், "அப்ப நம்ம ஊரு ஆளுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

காலுக்கு அடியில் இருந்த மண்ணைப் பீரங்கிக்காரர்கள் ஏன் பார்க்கவில்லை, நான் பொள்ளாச்சியில் ஏன் பார்க்கவில்லை! குருவியை மட்டும் பார்த்தோம், அது உட்கார்ந்திருந்த குச்சி யாருடையது என்று பார்க்கவில்லை. இது இங்கே மட்டும் நடப்பதில்லை. 1989ல் இங்கிலாந்தில், கென்ட் பகுதியில் லார்க்ஃபீல்ட் என்ற ஊரில், அமெரிக்கக் கதிர்க்குருவி ஒன்று வழி தவறி வந்துவிட்டது. பொன்நிறச் சிறகுக் குருவி, டெஸ்கோ கடைக் கார் நிறுத்துமிடத்தை ஒட்டின குடியிருப்பில். நாடு முழுக்க இருந்து ஆயிரக்கணக்கான பேர் திரண்டுவிட்டார்கள். பறவைப் பைத்தியங்கள் இன்றைக்கும் அதைத் திருவிழா மாதிரிப் பேசுவோம். ஆனால் காலையில் ஜன்னல் திரையை விலக்கின ஒரு வீட்டுக்காரியை நினைத்துப் பாருங்கள், பல் தேய்க்காத முகத்தோடு, எதிரே ஆயிரம் பைனாகுலர்! பாட்டியின் கொல்லைக்கு அந்த ஆயிரத்தில் பத்துப் பேர் வந்தாலே பூண்டு போச்சு, படல் போச்சு, மாப்பிள்ளையும் போச்சு. அதனால்தான் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஊர் பெயரைப் போடாமல் பொதுவாகக் கோத்தகிரி என்று குறித்தோம். படத்தில் போனின் ஜிபிஎஸ் ஒட்டிக்கொண்டு போகாமல் வாத்தியார் அணைத்து வைத்தார். வாட்ஸ்அப் குழுவில் "லொகேஷன் ப்ளீஸ்" என்று நாற்பது பேர் கேட்டார்கள். கைகூப்பின பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கிளம்பும்போது ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். பாட்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மாப்பிள்ளையைக் காட்டுறதுக்கா காசு?" எனக்கு முகம் சிவந்துவிட்டது, ஈப்பிடிப்பானுக்குப் போட்டியாக. மறுபடியும் மாசியில் போனேன், முதல் நாளே வாத்தியார் மூலம் கேட்டுவிட்டுத்தான். இருப்பதில் தெளிவான படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுபோனேன். பாட்டி கண்ணாடி போட்டுப் பார்த்தார். "கொஞ்சம் குண்டா எடுத்துட்டீங்க" என்றார். ஆனால் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி தேடினார்.

பங்குனியில் மாப்பிள்ளை போய்விட்டதாக வாத்தியார் சொன்னார். கோடை முழுக்க நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். ஸ்ரீநகரில் வெயில் எவ்வளவு, மழை எவ்வளவு என்று தினமும் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி பிறந்து நாலாம் நாள், ஆபீஸில் கணக்கு முடிக்கிற அவசரத்தில், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால் பின்னணியில் கோழிச் சத்தம்.

"தம்பி, வந்துட்டாரு. ரெண்டு பேருக்கு மேல கூட்டியாராதீங்க."